வெளிர்நீலத்தில் ரின்ஜிரோ

"என் புருஷன் சாகலய்யா! உயிரோட இருக்காரு!"

ஓதாகி கத்தக் கத்த, ஜின்பேயின் படக்கடை முன்னால் நின்ற பெண்கள் இன்னும் சத்தமாக அழுதார்கள். ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டே இரண்டாவது படமும் வாங்கினாள்.

கொடியில் மை காயாமல் தொங்கிக்கொண்டிருந்தார் கபுகி நாடக நடிகர் ரின்ஜிரோ. வெளிர்நீலச் சடங்கு உடை, கையில் ஜெபமாலை. எடோ நகரத்தில் நடிகர் செத்தால்தான் இந்த நீலத்தில் படம் போடுவார்கள். ஓரத்தில் இறந்த நாளும் இருக்கும்.

"பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சு" என்றாள் தேநீர்க்கடைக்காரி.

"உனக்குத்தாண்டி பேதலிச்சுப் போச்சு! நகோயாவுல நாடகம் போட்டுக்கிட்டிருக்காரு. அடுத்த மாசம் வந்துடுவாரு."

"வருவாரு அக்கா. ஒபோன் பண்டிகைக்கு எல்லா ஆவியும் வீட்டுக்கு வரத்தானே செய்யும்."

பொம்பளை கத்தினால் துக்கம், இல்லையென்றால் பைத்தியம். உண்மையாகவும் இருக்கலாம் என்று அந்தத் தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஓதாகியின் இடுப்பிலிருந்த மகள் படத்தைப் பார்த்து, "அப்பா!" என்றாள். அவ்வளவுதான். கூட்டம் ஓவென்று அழுதது. படங்கள் பறந்தன.

ஊர் நம்பிவிட்டால் நாடகக் கொட்டகை முதலாளி நாளைக்கே ரின்ஜிரோவின் இடத்தில் வேறு ஆளை நிறுத்துவார். திரும்பி வருகிறவனுக்கு மேடை இருக்காது.

படங்களைப் பிடுங்கினாள். ஒன்றைக் கிழிக்கப் போனவள் நின்றாள். தாடைக்குக் கீழே அந்தத் தழும்பு. மேடையில் வெள்ளை மாவாலும் வெளியே கழுத்துத் துணியாலும் அவன் மறைத்தே வைத்திருப்பது.

"இதை யாருய்யா உங்க ஓவியருக்குச் சொன்னது?"

ஜின்பே மீதிப் படங்களை அடுக்க ஆரம்பித்தார்.

"உங்க கால்ல விழறேன். அவரு சாகலன்னு நீங்களாவது சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

அவர் அவளை எழுப்பித் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். குரலைத் தாழ்த்தினார்.

"உயிரோடதாம்மா இருக்காரு. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா விக்கிறே, படுபாவி!"

"அவரு நகோயாவுக்குப் போகவே இல்ல. இங்க வந்து, 'எனக்கு அந்த வேஷமும் வேணாம், அந்த வீடும் வேணாம்'னாரு. பக்கத்துல ஒரு பொண்ணு குடை பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு."

"பொய்! நீயா கதை கட்டுற!"

வெளியே யாரோ ரின்ஜிரோவின் பேரைச் சொல்லி அழுதார்கள். ஜின்பே தலையைக் குனிந்துகொண்டார்.

"சாவுத் தேதியைச் சொன்னதே அவருதாம்மா."