சம்பந்தி ஸ்டாம்ப்

ரேகா இத்தாலிக்காரனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து பச்சையப்பன் மகளின் போனை எடுப்பதில்லை. அதனால் அவள் கடிதம் போட்டாள். அதையும் அவர் பிரிக்கமாட்டார். உறையை மட்டும் முறைத்துப் பார்ப்பார்.

"இன்னா கன்னியம்மா, எல்லா ஸ்டாம்புலயும் இதே தாடிக்காரன்?"

மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நம்ம தறி சங்கத் தலைவரு அறுபதாம் கல்யாணத்துக்குத் தன் போட்டோவை ஸ்டாம்பா அடிச்சி வாங்கினாரே, அந்த மாதிரிதான். இவன் மாப்பிள்ளையோட அப்பனா இருக்கும்."

மாப்பிள்ளை என்ற சொல் அவர் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை.

"இருக்கும்," என்றாள் கன்னியம்மா.

"பொண்ணைப் பெத்தவன் நானு. மூஞ்சியைக் காட்டிக்கினு இருக்கிறவன் அவனா?"

மறுநாள் காலையில் சவரம் செய்து, சலவை வேட்டி கட்டி வந்து நின்றார். "திருப்பதி தபாலாபீஸுக்குப் போறேன். என் போட்டோவையும் அடிச்சிக் குடுக்கட்டும். ரேகாவுக்கு நாலு வரி எழுதி ஒட்டி அனுப்பறேன். அந்த ஆளும் பார்க்கட்டும்."

அவர் தெருமுனை தாண்டியதும் கன்னியம்மா மகளைப் போனில் கூப்பிட்டாள்.

"நைனா உனக்கு லெட்டர் எழுதப் போறாரு."

ரேகா அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

"அந்தத் தாடிக்காரரு யாருன்னு சொன்னே?" என்றாள் கன்னியம்மா.

"அன்னைக்கே சொன்னேனேம்மா, பல்லாடியோ. இங்க பெரிய பெரிய கட்டடம் கட்டினவரு. அவரு ஞாபகமா போட்ட ஸ்டாம்பு. செத்து நானூறு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"ஆவட்டும். தீர்ந்துபோறதுக்குள்ள அதையே இன்னும் கொஞ்சம் வாங்கி வெச்சுக்கோ."