ஃபேடிங் அவே

ஓடிப்போனவள் செத்தவளுக்குச் சமம் என்று ஒன்பது வருஷத்துக்கு முன் ஊரறிய மகளைத் தலைமுழுகியவர் சிதம்பரதாணு. இன்று அவளுடைய வெள்ளைக்காரப் புருஷன் போனில் அனுப்பிய ஒற்றை வரியை மனப்பாடம் செய்துகொண்டு, எதிர்வீட்டு இங்கிலீஷ் டீச்சரின் வாசலில் விறைப்பாக நின்றார்.

“‘ஷி இஸ் ஃபேடிங் அவே’ன்னா என்னம்மா?”

“துணியைச் சொன்னா சாயம் போகுது. சத்தத்தைச் சொன்னா அடங்குது.”

“ஆளைச் சொன்னா?”

டீச்சர் தயங்கினாள். “உயிர் கொஞ்சங்கொஞ்சமா போகுதுன்னு அர்த்தம். யாருக்கு, பெரியப்பா?”

“பேப்பர்ல போட்டிருந்தான்” என்று படியிறங்கியவர், பாதியிலேயே திரும்பி வந்தார்.

“டீச்சரே, அதுல ‘இங்’ இருக்குல்லா? அப்போ எம்மவ இன்னும் போகலைன்னுதானே அர்த்தம்?”