ஒரு மாசம் தாங்கினா போதும்

"புகை தெரியக் கூடாதுண்ணே. ஒரு மாசம் தாங்கினா போதும்."

இதைச் சொல்லும்போது நோரோவா மெக்கானிக் துவாகனாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

பசிபிக் கடலில் இருக்கும் ராரோடோங்கா தீவை ஒரு சுற்றுச் சுற்றினால் முப்பத்திரண்டு கிலோமீட்டர்தான். அதற்குள்ளேயே அவள் வண்டி மீட்டரில் தொண்ணூற்றிரண்டாயிரம் ஏறியிருந்தது. எங்கேயும் போகாமலே அவ்வளவு தூரம் போன அந்த வண்டியும் களைத்துவிட்டது, அவளும் களைத்துவிட்டாள்.

துவாகனா கிக்கரை ஒரு உதை உதைத்து வண்டியைக் கிளப்பினார். நீலப் புகையில் பட்டறை வாசலில் மேய்ந்த கோழிகள் சிதறி ஓடின. உடனே அணைத்துவிட்டார்.

அவர் எப்போதும் உள்ளதைத்தான் சொல்வார். பிஸ்டன் ரிங் தேய்ந்து போச்சு, அதனால்தான் ஆயில் குடிக்கிறது. இன்ஜினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றினால் இன்னும் ஐந்து வருஷம் கவலையில்லை. சாமான் ஆக்லாந்திலிருந்து கப்பலில் வர வேண்டும். சாமானுக்கே முந்நூற்றைம்பது டாலர், கூலி தனி. அது முடியாதென்றால் வாரம் ஒரு டப்பா ஆயில் ஊற்றி ஓட்டலாம். ஆனால் என்றைக்காவது நடுரோட்டில் இன்ஜின் இறுகிப்போய் நின்றுவிடும்.

நோரோவாவிடம் இருந்தது நானூறு டாலர். ஹோட்டல் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்பு மடித்துச் சேர்த்த காசு. அதை இந்தக் கிழட்டு இன்ஜினுக்குள் கொட்ட மனசு வரவில்லை. மெல்போர்னுக்குக் குடிபோகும் சித்தப்பா மகன், தன் நல்ல வண்டியை வெள்ளிக்கிழமைக்குள் தள்ளிவிட்டுப் போக வேண்டும் என்றிருந்தான். இதை எண்ணூறுக்கு விற்றால், கையில் இருப்பதையும் சேர்த்து அதை வாங்கிவிடலாம். காலை ஐந்து மணி வேலைக்குப் பஸ் கிடையாது. வண்டி போனால் வேலையும் போகும்.

வாங்க ஆள்கூடக் கிடைத்துவிட்டது. மங்காயா தீவிலிருந்து மாற்றலாகி வந்த டீச்சர், கைக்குழந்தைக்காரி. நாளைக்குப் புருஷனோடு வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். "பார்க்கிறதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான்க்கா, நீங்க ஓட்டுன வண்டிதானே" என்று சொல்லி, ஊரிலிருந்து வந்த சேப்பங்கிழங்கு ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டுப் போனாள். அதை வேகவைத்து இரண்டு வாய் தின்ற நோரோவா, மீதியை மூடி வைத்துவிட்டாள்.

புகையை மறைக்கிற யோசனை நாத்தனார் தெரேயுடையது. கெட்டி ஆயிலாகப் பார்த்து ஊற்றினால் புகையும் அடங்கும், சத்தமும் அடங்கும். மறுபடி புகைய ஆரம்பிக்கும்போது வண்டி வேறொருத்தி வீட்டில் நிற்கும்.

"முடியாது, நோரோவா" என்றார் துவாகனா.

"சும்மா வேணாம். கூலி தரேன்."

"உங்கிட்ட நான் என்னிக்குக் கூலி வாங்கியிருக்கேன்?"

அதுதான் அவளுக்கு எரிச்சல். ஒரு திருகாணியைத் திருப்பினாலே ஊராரிடம் காசு கேட்கிற மனுஷன், அவளிடம் மட்டும் ஆயிலுக்கு உண்டானதை வாங்கிக்கொண்டு போகச் சொல்வார். இரண்டு வருஷமாக இப்படித்தான். அவள் புருஷனை இழந்தவள், அவர் பெண்டாட்டியை இழந்தவர். இந்தத் தீவில் பேச்சு ஒரு சுற்று வர எவ்வளவு நேரமாகும்? தெரே இப்போதெல்லாம் 'உன் மெக்கானிக்' என்றுதான் சொல்கிறாள்.

"சாமான் காசு மட்டும் குடு" என்றார் அவர். "இன்ஜினை நானே பிரிச்சு செஞ்சு தரேன். கூலி வேணாம். கப்பல் வர்ற வரைக்கும் என் வண்டியை எடுத்துட்டுப் போ."

நோரோவாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நின்று நின்று வீங்கின கால் வேறு விண்ணென்று வலித்தது.

"ஞாயித்துக்கிழமை கோட்டைப் போட்டுக்கிட்டு சர்ச்சுல முன்வரிசையில உக்கார்றீங்க. உங்களுக்கு நல்லவரா இருக்கறது சுலபம்ணே. எனக்கு முடியல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பழசா வாங்கின மாசமே இது புகைய ஆரம்பிச்சுது. எம் புருஷன் போனாரு, வண்டியும் போச்சு, என் கை பட்டா எதுவும் உருப்படாதுன்னு நெனச்சுக்கிட்டேன். வாராவாரம் வாயைப் பொத்திக்கிட்டு ஆயில் ஊத்தினேன். இப்பவாவது கழிச்சுக் கட்டலாம்னா நீங்க தர்மம் பண்ண வர்றீங்க."

அவர் கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்துப் பெட்டியில் போட்டார்.

"ஊர்ல என்ன பேசுறாங்கன்னு தெரியுமா உங்களுக்கு? எம்மேல அப்படி என்ன அக்கறை?"

துவாகனா ஒரு பழந்துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"உன் கையில குத்தமில்ல" என்றார்.

"பின்ன?"

"இந்த வண்டியை உன் தலையில கட்டினவன், அதுக்கு முந்தின நாள் இங்கதான் வந்தான். இப்ப நீ கேட்டதையேதான் கேட்டான்." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அவன்கிட்ட நான் முடியாதுன்னு சொல்லல."