பன்னிரண்டு மணிக்கு ஒரு மீன்

"கையைக் கடிகார முள்ளா நினைச்சுக்கோ. இப்போ ஒன்பதுல நிக்குது. பத்துக்குக் கொண்டு போ, போதும்" என்றார் கணவர்.

கணுக்கால் தண்ணீரில் தூண்டில் கழியோடு நின்ற அவள் முறைத்தாள். கடிகாரம் பழுது பார்ப்பவரைக் கட்டிக்கொண்டால் ஆற்றிலும் மணிதான் பார்க்க வேண்டும்.

மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம். வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. இப்படியே விட்டால் இறுகிப்போகும், பிறகு தலையைக்கூட வாரிக்கொள்ள முடியாது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். சொல்லிக்கொடுத்த பயிற்சியை நாலே நாளில் விட்டுவிட்டாள். தூக்கினால் உயிர் போகிற வலி.

அவர் கெஞ்சவில்லை, திட்டவில்லை. ஞாயிறுதோறும் தனியாக ஆற்றுக்குப் போகிறவர், இன்று அவளையும் கூட்டி வந்தார்.

இருபது வருடமாக அவருக்கு இந்தப் பைத்தியம். கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி செய்வார். அதை நம்பி ஏமாந்த மீனைத் தடவிக்கொடுத்துத் திரும்ப விட்டுவிடுவார். வீட்டுக்கு ஒரு செதில்கூட வந்ததில்லை. இதில் என்ன சுகமோ!

ஊர்க் கடிகாரங்களை எல்லாம் ஓடவைக்கிற மனிதர். கூடத்துச் சுவர்க் கடிகாரம் மூன்று மாதமாக நின்று கிடப்பது மட்டும் அவர் கண்ணில் படவே இல்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு வீசினாள். பூச்சி காலடியிலேயே விழுந்தது.

மறுபடி வீசினாள். கொஞ்சம் தள்ளி விழுந்தது. அந்தப் பாறை நிழலில் விழுந்தால் தேவலை என்றிருந்தது. இன்னொரு முறை. இன்னும் ஒரே ஒரு முறை. வலியை நினைக்க நேரமில்லை.

பூச்சி நிழலில் போய் மிதந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

வெடுக்கென்று ஓர் இழுப்பு.

பதறிப்போய்க் கழியைத் தூக்கினாள். மீன் ஒரு துள்ளு துள்ளி, முதுகைக் காட்டிவிட்டுப் போய்விட்டது.

"போச்சே!" என்று கத்தினாள். அழுகையே வந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தாள். அவர் ஆற்றைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பன்னிரண்டில் நின்றது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஈரப் புடவையோடு நேராகச் சுவர்க் கடிகாரத்தின் கீழே போய் நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து வாரம் தவறாமல் அதற்குச் சாவி கொடுத்தவள் அவள்தான். எட்டித்தான் கொடுக்க வேண்டும்.

ஆணியில் சாவி இல்லை.

அவர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். மூன்று மாதமாக அங்கேதான் இருந்ததாம்.