ஆட்டுக்குத் தழை

உழவர் சந்தையில் கடை கட்டும் மதிய நேரத்தில்தான் ரெஜினா போவாள். காய்க்காரி பேச்சியம்மாள் கழித்துப்போட்ட முட்டைக்கோஸ் மேலிலை, முள்ளங்கித் தழை, காலிஃப்ளவர் தண்டு எல்லாவற்றையும் பையில் அள்ளிக்கொள்வாள். முதல் நாள், கூச்சத்தில், "ஆட்டுக்கு" என்று சொல்லிவிட்டாள். வீட்டில் ஆடு கிடையாது. அந்தத் தண்டைப் பொடியாக நறுக்கிப் பருப்பில் போட்டால் இரண்டு வேளைக்கு வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை பேச்சியம்மாள் கேட்டாள்: "எத்தன ஆடு தாயி வச்சிருக்க?"

ரெஜினாவுக்கு முகம் சுட்டது. மாமியார், தான், மகள் என்று மனசுக்குள் எண்ணினாள்.

"மூணுக்கா."

"குட்டி உண்டா?"

"ஒண்ணு. இப்பத்தான் பல்லு முளைக்குது."

பேச்சியம்மாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. விற்க வைத்திருந்த கேரட்டில் பிஞ்சாக நான்கைப் பொறுக்கிப் பையில் போட்டாள்.

"குட்டிக்கு இத நல்லா வேகவச்சு, மசிச்சுக் குடு" என்றாள். "உப்பு கம்மியாப் போடு."

"சரிக்கா" என்றாள் ரெஜினா.

அவள் சந்தையைத் தாண்டிப் போகும்வரை பேச்சியம்மாள் குனிந்து, வெறும் சாக்கை உதறிக்கொண்டே இருந்தாள்.