காவலாளிக்கு ஒரு முகம்

விருத்தாசலத்தில் ஒரு பிளக்ஸ் கடையில் கவிப்ரியா டிசைனர். கண்ணீர் அஞ்சலியோ காதுகுத்தோ, வெட்டியெடுத்த முகங்களையெல்லாம் ஒரே ஃபோல்டரில் போட்டு வைப்பது அவள் வழக்கம்.

பீங்கான் தொழில் படிக்கும் மாணவர்கள் குறும்படம் ஒன்று எடுத்துவிட்டுப் போஸ்டர் கேட்டிருந்தார்கள். கதை ஒரு சூளைக் காவலாளியைப் பற்றியது. அந்த வேஷம் போட்டவரின் படத்தை அவர்கள் இன்னும் அனுப்பவில்லை. அளவு பார்ப்பதற்காக ஃபோல்டரிலிருந்து ஒரு முகத்தை எடுத்து ஒட்டினாள். தை மாதம் இறந்துபோன கொளஞ்சிநாதனின் முகம் அது. அவருக்கு அஞ்சலி போஸ்டர் செய்ததும் அவள்தான். மறதியில் அப்படியே வாட்ஸப்பில் அனுப்பிவிட்டாள்.

தப்பு தெரிந்து அவள் போனை எடுப்பதற்குள், படத்தை இயக்கிய இனியவன் கடைக்கே வந்துவிட்டான்.

“நல்லா இருக்குதுக்கா. நாங்க போட்டோவே அனுப்பல, உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?”

“இவரா நடிச்சாரு?”

“ஆமாக்கா. மூணு நாளும் வந்தாங்க. இந்தச் சித்திரை வெயில்லயும் குளிருதுன்னு சூளைகிட்டயே உக்காந்திருந்தாங்க.”

கவிப்ரியா எத்தனை வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

“அம்பது. ஒண்ணு மட்டும் அவருக்குத் தனியா சுருட்டி வைங்கக்கா. போன தடவ நீங்க அடிச்சதை அவரால பார்க்க முடியலையாம். சாயங்காலம் அவரே வந்து வாங்கிக்கிறேன்னாங்க.”

நாலு மணிக்கு அச்சு முடிந்தது. ஒன்றைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு மேஜைமேல் வைத்தாள். பிறகு, வருகிறவர்கள் உட்காரும் நாற்காலிக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தினாள்.