உப்பு பாருங்கோ

சாவித்திரி இரண்டாவது தடவை உப்பு எடுத்துச் சாம்பாரில் போட்டதை ரங்கராஜன் பார்த்தார்.

முதல் தடவை போட்ட உடனே போன் அடித்தது. குருகிராம் ஆபீசிலிருந்து கௌஷிக், தினம் அவளிடம் டப்பா சாப்பாடு வாங்குகிற பையன்.

"மாமி, இன்னிக்கு என்ன சாம்பார்?"

"முள்ளங்கி. தினம் போன் பண்ணிக் கேட்டா கத்தரிக்காயா மாறிடுமா? வை, நாழியாறது."

சிரித்துக்கொண்டே திரும்பியவள் கல்லுப்பு ஜாடிக்குள் மறுபடி கையை விட்டாள்.

ஹாலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த ரங்கராஜனின் கை நின்றது. முதலில் போட்டது சாம்பாரிலா, பக்கத்து அடுப்பில் இருந்த கறியிலா? இங்கிருந்து நிச்சயமாகத் தெரியவில்லை.

வேறு வீடாக இருந்தால் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தால் முடிந்துபோகும்.

இந்த வீட்டில் முடியாது. பெருமாளுக்குக் காட்டுவதற்கு முன்னால் ருசி பார்ப்பது அபசாரம். காட்டிய பிறகும் டப்பாக்கள் கிளம்பும்வரை சாவித்திரி வாயில் எதுவும் வைக்கமாட்டாள். பரிமாறுகிற கை எச்சிலாகக் கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் ருசி பார்த்துச் சமைத்ததில்லை. கை அளவும் கண் அளவும்தான்.

பெருமாளுக்குக் காட்டி மணி அடித்த பிறகு ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டுவாள். "உப்பு பாருங்கோ."

அவர் சரி என்ற பிறகுதான் சாப்பாடு மோதி பாக்கின் இந்த வீட்டிலிருந்து கிளம்பி, டெல்லியில் வேலை பார்க்கிற நம் ஊர்ப் பிள்ளைகளின் ஆபீஸ்களுக்குப் போகும். ரிட்டயரான பிறகு அவருக்கென்று இருக்கிற ஒரே உத்தியோகம் அது.

தீபாவளிக்கு முன்னால் வந்த காய்ச்சலில் அவருக்கு நாக்கும் மூக்கும் செத்துப்போயின.

சரோஜினி நகரில் கோல்கப்பா, நம் ஊரில் பானிபூரி என்பது, சாப்பிடும்போதுதான் தெரிந்தது. வீட்டில் அத்தனை ஆசாரம் பார்க்கிறவள் கோல்கப்பா வண்டிக்கு முன்னால் எல்லாவற்றையும் மறந்துவிடுவாள். "பையா, தீக்கா, இன்னும் தீக்கா" என்று கண்ணில் நீர் வழிய வழியக் காரம் கேட்டு வாங்கினாள். அவர் வாயில் குளிர்ந்த தண்ணீர் மட்டும் உடைந்தது. கர்சீப்பை எடுத்து வராத கண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் டப்பா வேலையையே நிறுத்திவிடுவாள். ருசி பார்க்காததை ஊருக்கு அனுப்பமாட்டாள். பெருமாளுக்கு முந்தி தானும் ருசி பார்க்கமாட்டாள்.

அதனால் தினமும் கிண்ணத்தை வாங்கி, வாயில் விட்டு, கொஞ்ச நேரம் யோசித்து, "அச்சா. சரியா இருக்கு" என்றார்.

அது முழுப் பொய்யென்றும் அவர் நினைக்கவில்லை. அவள் கையை அவருக்குத் தெரியும்.

ருசி போன பிறகு அவள் சமையலை அவர் பார்க்கத் தொடங்கியிருந்தார். கடுகு வெடித்து அடங்கும் அந்த நொடியில் பெருங்காயம் விழும், முந்தியதில்லை, பிந்தியதில்லை. ரசம் நுரை கட்டி எழும்போதே அடுப்பை அணைப்பாள். ஒருநாளும் கொதிக்க விட்டதில்லை. குளிர்காலத்துச் சிவப்பு கேரட்டைத் தேங்காயோடு புரட்டும்போது ஒரு துண்டுகூடக் குழையாது. இத்தனை வருஷம் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறோமே என்று தோன்றும்.

அந்தக் கைதான் இன்று தவறியிருக்கிறது. அல்லது தவறவில்லை.

சரி என்று சொல்லி, சாம்பார் கரித்தால் இத்தனை நாள் சம்பாதித்த பெயர் போகும். கரிக்கிறது என்று சொன்னால் நல்ல சாம்பாரில் தண்ணீரை விட்டுக் கெடுத்துவிடுவாள்.

நாக்கு செத்ததைச் சொல்லிவிட வேண்டியதுதான். மணி அடிப்பதற்கு முன்னால்.

பட்டாணித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். சமையலறை வாசலில் போய் நின்றார். அவளுக்கு முதுகு இந்தப் பக்கம்.

சாவித்திரி ஜன்னல் விளிம்பில் இருந்த ஒரு டம்ளரிலிருந்து சின்ன ஸ்பூனை எடுத்தாள். கரண்டியில் சாம்பாரை மொண்டு, ஒன்றோடு ஒன்று படாமல் ஸ்பூனில் ஊற்றினாள். ஊதினாள். வாயில் விட்டுக்கொண்டாள்.

தோள் சட்டென்று குறுகியது.

வெந்த பருப்பு ஒரு கிண்ணம் விட்டாள். கொஞ்சம் புளித்தண்ணீர். கொதி வரும்வரை நின்றாள். மறுபடி ஸ்பூனில் ஊற்றி வாயில் விட்டாள். தலை மெல்ல ஆடியது.

கையைக் கழுவினாள். பெருமாள் அலமாரி இருந்த பக்கம் திரும்பி, படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஸ்பூனைக் கழுவித் திரும்ப அந்த டம்ளரிலேயே போட்டாள். டம்ளருக்குள் தண்ணீர் நின்ற மட்டத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருந்தது. டெல்லித் தண்ணீர் அப்படிக் கோடு போட எத்தனையோ நாள் ஆகும்; அந்தக் காய்ச்சல் நாளிலிருந்து எண்ணினால் சரியாக இருக்கும்.

ரங்கராஜன் சத்தமில்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒரு பட்டாணியை எடுத்து, உரிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது.

அவள் கிண்ணத்தோடு வந்து நின்றாள். "உப்பு பாருங்கோ."

வாயில் விட்டார். வெந்நீர்.

"சரியா இருக்கு."

"சும்மாச் சொல்லாதேங்கோ. போன்ல பேசிண்டே போட்டேன். நன்னாப் பாருங்கோ."

அவர் இன்னொரு வாய் குடித்தார். கண்ணை மூடி, வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். அவள் அசையாமல் நின்றாள்.

"ஒரு கல் கூடவும் இல்லை. குறையவும் இல்லை."

"அப்ப சரி" என்று சொல்லி, சாவித்திரி முதல் டப்பாவை மூடினாள்.